தேசிய வரலாற்று இடங்கள் பதிவேடு: முன்மொழிவும் பொதுமக்கள் கருத்துரையும்

தேசிய வரலாற்று இடங்கள் பதிவேடு என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேணத்தக்கவை என ஏற்கப்பட்ட கட்டடங்கள், பாலங்கள், தொல்லியல் களங்கள், பழைய குடியிருப்புப் பகுதிகள் முதலியவற்றின் அதிகாரபூர்வப் பட்டியலாகும். 1966 அக்டோபர் 15 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் ஒப்பமிட்ட தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்வழி உருவான இதனை, அந்நாட்டு உள்துறையின்கீழ் இயங்கும் தேசியப் பூங்காப் பணியகம் பேணிவருகிறது. அமெரிக்காவில் உள்துறை என்பது காவல் பணிகளைப் பார்ப்பதன்று, பொதுநிலம், கனிமம், நீர் ஆகியவற்றைக் கவனிக்கும் துறையாகும். ஓர் இடத்தைப் பதிவேட்டில் சேர்க்குமாறு உரிய ஆவணங்களுடன் கோருவது முன்மொழிவு எனப்படும். முன்மொழிவை எவரும் தயாரிக்கலாம் என்பதும், முடிவு எடுக்கப்படுமுன் உரிமையாளரும் உள்ளாட்சியும் நாட்டின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவரும் கருத்துக் கூறலாம் என்பதும் இம்முறையின் இரு தூண்கள்.

தோற்றம்

அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காக்கும் முயற்சி கூட்டாட்சி அரசிடமிருந்து தொடங்கவில்லை. விடுதலை அறிக்கை ஏற்கப்பட்ட பிலடெல்பியா மாளிகையின் நிலத்தைப் பென்சில்வேனியா மாநிலமே மனைகளாகப் பிரித்து விற்க முற்பட்டபோது, 1816ஆம் ஆண்டில் நகராட்சி அதை விலைக்கு வாங்கிக் காத்தது. அடுத்த பெரிய முயற்சி பெண்களுடையது. முதல் அதிபர் ஜார்ஜ் வாசிங்டன் வாழ்ந்து மறைந்த மவுண்ட் வெர்னன் இல்லம் பழுதுற்றுச் சரிந்துகொண்டிருந்த காலத்தில், தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமேலா கன்னிங்காம் 1853ஆம் ஆண்டில் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்து ஒரு சங்கத்தை அமைத்தார். அச்சங்கம் மாநிலந்தோறும் நிதி திரட்டி, 1858ஆம் ஆண்டில் 2 லட்சம் டாலர் விலைபேசி அவ்வில்லத்தையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் வாங்க ஒப்பந்தம் செய்தது. பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லாத நாளில் நிகழ்ந்த இச்செயலே அந்நாட்டுப் பாதுகாப்பு இயக்கத்தின் உண்மையான தொடக்கம்.

கூட்டாட்சி அரசு இத்துறையில் கால்வைத்ததற்குத் தென்மேற்கு நிலப்பகுதியின் தொல்குடி இடிபாடுகளே காரணமாயின. அரிசோனாவில் உள்ள காசா கிராந்தே என்னும் மண்கட்டட இடிபாடு 1892ஆம் ஆண்டில் அரசாணையால் ஒதுக்கி வைக்கப்பட்டது. கொலராடோவின் மேசா வெர்டே பாறைக்குடியிருப்புகளிலிருந்து எடுக்கப்பட்ட தொல்பொருள்கள் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குச் சென்றது கடும் எதிர்ப்பை எழுப்பியது. இதன் விளைவாகத் தியோடர் ரூசுவெல்ட் ஆட்சியில் 1906ஆம் ஆண்டில் தொல்பொருள் சட்டம் பிறந்தது. அச்சட்டம் அரசு நிலத்தை மட்டுமே காத்தது. தனியார் நிலத்திலும் நகரத் தெருக்களிலும் நின்ற கட்டடங்களுக்கு அதனால் பயனில்லை. நகரங்களுள் தென் கரோலினாவின் சார்ல்சுடன் 1931ஆம் ஆண்டில் பழைய நகரப் பகுதியொன்றை வரலாற்று வட்டாரம் என வரையறுத்து, அங்கே கட்டடத் தோற்றத்தை மாற்ற ஒப்புதல் பெற வேண்டும் என விதித்து முன்னோடியாயிற்று.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1933ஆம் ஆண்டில், வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டடங்களை அளந்து வரைந்து நிழற்படமெடுக்கும் திட்டத்தைப் பூங்காப் பணியகத்தின் சார்ல்சு பீட்டர்சன் வகுத்தார். 1935ஆம் ஆண்டின் வரலாற்றுக் களங்கள் சட்டம், தேசிய அளவில் முதன்மை வாய்ந்த இடங்களை ஆராய அரசுக்கு அதிகாரமளித்தது. ஆயினும் அளந்து வரைவதும் ஆராய்வதும் இடிப்பைத் தடுக்கவில்லை. 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் நகரச் சீரமைப்பு என்ற பெயரிலும், 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் விரைவுச் சாலை என்ற பெயரிலும் அரசுப் பணத்தைக் கொட்டியபோது, பழைய குடியிருப்புகள் தெருத்தெருவாகத் தரைமட்டமாயின.

மக்கள் மனத்தை மாற்றியது நியூயார்க்கின் பென்சில்வேனியா இரயில் நிலையத்தின் அழிவு. 1910ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நிலையம் இளஞ்சிவப்புக் கருங்கல்லில் எழுந்த 84 தூண்களையும், முகப்பில் அமர்ந்த கற்கழுகுகளையும், பண்டை உரோமானிய நீராடு மண்டபத்தை ஒத்த காத்திருப்புக் கூடத்தையும் கொண்டிருந்தது. 1963 அக்டோபர் 28 அன்று முதற் கழுகு கயிற்றில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்த இடிப்பில் தூண்களும் சிற்பங்களும் நியூஜெர்சியின் சதுப்புநிலத்தில் கொட்டப்பட்டன. அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை; தடுக்கக் கோரி மக்கள் முறையிடுவதற்குரிய இடமும் இல்லை. 1965ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் தன் அடையாளச் சின்னங்கள் சட்டத்தை இயற்றியது. நகரத் தந்தையர் மாநாட்டின் சார்பில் அமைந்த குழுவொன்று வெளியிட்ட அறிக்கை, மந்தக் காலத்தில் அளந்து ஆவணப்படுத்திய கட்டடங்களில் ஏறத்தாழப் பாதி அதற்குள் அழிந்தோ சிதைந்தோ போயின என்று காட்டியது. அவ்வறிக்கையின் பரிந்துரைகளே 1966ஆம் ஆண்டுச் சட்டமாக உருப்பெற்றன.

அதுவரை தேசிய முதன்மை உடையவற்றையே அரசு கண்டுகொண்டது. புதிய சட்டம் ஒரு மாநிலத்துக்கோ ஒரு சிற்றூருக்கோ மட்டும் முதன்மை வாய்ந்தவற்றையும் பதிவேட்டுக்குள் கொணர்ந்தது. பதிவேட்டின் முதல் காப்பாளராகப் பொறுப்பேற்ற வில்லியம் மர்ட்டா இதன் நடைமுறைகளை வகுத்தவர்களுள் முதன்மையானவர்.

வகைப்பாடும் அளவுகோல்களும்

பதிவேடு ஐந்து வகைகளை ஏற்கிறது. மனிதர் தங்கவோ கூடவோ எழுப்பியது கட்டடம். பாலம், அணை, கலங்கரை விளக்கம், கப்பல் போன்றவை கட்டமைப்பு. சிலை, எல்லைக்கல் போன்றவை பொருள். போர்க்களமும் தொல்லியல் நிலமும் களம். இவற்றுள் பல சேர்ந்து ஒரே வரலாற்றைச் சொல்லுமாயின் அது வட்டாரம். வட்டாரத்துக்குள் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. வட்டாரத்தின் சிறப்புக்கு உரிய காலத்தில் எழுந்து பழைய உருவோடு நிற்பவை பங்களிப்பவை எனவும், பிற்காலத்தவையும் உருமாறியவையும் பங்களிக்காதவை எனவும் குறிக்கப்படும்.

முதன்மையை அளக்க நான்கு அளவுகோல்கள் உண்டு. வரலாற்றின் பெரும்போக்கை உருவாக்கிய நிகழ்ச்சிகளோடு தொடர்பு முதலாவது. முதன்மை வாய்ந்த மனிதரோடு தொடர்பு இரண்டாவது. ஒரு பாணியையோ கட்டுமுறையையோ பெருங்கலைஞரின் கைவண்ணத்தையோ காட்டுவது மூன்றாவது. வரலாற்றுக்கோ அதற்கு முற்பட்ட காலத்துக்கோ உரிய செய்தியைத் தந்திருப்பதோ தரவல்லதாயிருப்பதோ நான்காவது. இவற்றுள் ஒன்றை நிறைவு செய்தாலே போதும். ஆனால் அதனுடன் குலையாத்தன்மையும் வேண்டும். அதாவது, இடம், வடிவமைப்பு, சூழல், கட்டுபொருள், வேலைத்திறன், உணர்வு, தொடர்பு என்னும் ஏழு கூறுகளில் பெரும்பாலானவை சிதையாதிருக்க வேண்டும்.

வழிபாட்டிடங்கள், இடம்பெயர்த்து வைக்கப்பட்ட கட்டடங்கள், பிறந்த இல்லங்கள், கல்லறைகள், மீள்கட்டியவை, நினைவுச் சின்னங்கள் ஆகியன பொதுவாக ஏற்கப்படுவதில்லை. சிறப்புக் காரணம் காட்டினால் ஏற்கப்படும். முதன்மை பெற்று 50 ஆண்டு நிறையாதவற்றுக்கும் இதுவே விதி. நிலவுப் பயணங்கள் புறப்பட்ட கென்னடி விண்வெளி மையத்தின் ஏவுதளம் 1973ஆம் ஆண்டிலேயே பட்டியலில் இடம்பெற்றது. ஒருபாலீர்ப்பாளர் உரிமை எழுச்சி 1969ஆம் ஆண்டில் வெடித்த நியூயார்க்கின் சுடோன்வால் விடுதி, 30 ஆண்டுகளே கழிந்த நிலையில் 1999ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. வெள்ளை மாளிகை, நாடாளுமன்றக் கட்டடம், உச்ச நீதிமன்றக் கட்டடம் ஆகிய மூன்றுக்கும் இச்சட்டம் பொருந்தாது என அச்சட்டமே விலக்களித்துள்ளது.

முன்மொழியும் முறை

முன்மொழிவுப் படிவத்தின் உயிர் அதன் ஏழாம், எட்டாம் பகுதிகளில் உள்ளது. ஏழாம் பகுதி இடத்தைச் சொற்களால் அளக்கிறது: அடித்தளம் எக்கல்லால் ஆனது, செங்கல் எவ்வடுக்கில் வைக்கப்பட்டது, திண்ணைத் தூண்கள் மூலமானவையா, மரச்சாளரங்கள் எடுக்கப்பட்டு நெகிழிச் சாளரங்கள் பொருத்தப்பட்டனவா என ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டும். சாளரம் மாறியதை மறைத்து எழுதிய முன்மொழிவு உடன் இணைக்கப்படும் நிழற்படத்தாலேயே அம்பலமாகும். எட்டாம் பகுதி அவ்விடம் ஏன் பேணத்தக்கது என்று வாதிடுகிறது. எந்த அளவுகோலின்படி, எந்தக் காலத்துக்கு உரியதாக, எத்துறையில் முதன்மை என்பன இதில் நிறுவப்படும். எல்லையும் நில ஆயத்தொலைகளும் பத்தாம் பகுதியில் இடம்பெறும்.

நிறைவுற்ற படிவம் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலரிடம் செல்கிறது. வரலாறு, தொல்லியல், கட்டடக்கலை ஆகிய துறைகளின் வல்லுநர்களைக் கொண்ட மாநில ஆய்வுக் குழு அதைப் பொதுக்கூட்டத்தில் ஆராயும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகவும் 75 நாளுக்கு மேற்படாமலும் உரிமையாளர்க்கும் உள்ளாட்சித் தலைவர்க்கும் எழுத்து வழி அறிவிப்புத் தரப்பட வேண்டும்; உரிமையாளர் 50 பேருக்கு மேற்பட்ட வட்டாரமாயின் செய்தித்தாள் அறிவிப்பே போதுமானது. சான்றளிக்கப்பட்ட உள்ளாட்சி எனத் தகுதிபெற்ற ஊரில் பாதுகாப்பு ஆணையமும் தலைவரும் ஒருசேர எதிர்த்தால், மேல்முறையீடு வந்தாலன்றி முன்மொழிவு மேலே செல்லாது. அரசு நிலங்களுக்கு அவ்வத் துறைப் பாதுகாப்பு அலுவலர்களும், 1992ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தொல்குடி நிலங்களுக்குத் தொல்குடிப் பாதுகாப்பு அலுவலர்களும் இப்பணியை ஆற்றலாயினர். மாநிலம் ஏற்ற முன்மொழிவு வாசிங்டனில் உள்ள பதிவேட்டுக் காப்பாளரை அடைந்ததும், அவர் 45 நாளுக்குள் அதை ஏற்கவோ, திருத்தத்துக்குத் திருப்பவோ, மறுக்கவோ வேண்டும்.

பொதுமக்கள் கருத்துரை

காப்பாளரிடம் வந்துள்ள முன்மொழிவுகளின் பட்டியல் கூட்டாட்சி அரசிதழில் வெளியிடப்படுகிறது. அந்நாளிலிருந்து 15 நாள் எவரும் எழுத்து வழிக் கருத்துத் தெரிவிக்கலாம். இடிப்பு நெருங்கும் நிலையில் இக்காலத்தைச் சுருக்கவும் தவிர்க்கவும் விதியில் இடமுண்டு. அரசிதழில் காண்பது மாநிலம், கவுன்டி எனப்படும் மாவட்டம், இடத்தின் பெயர், தெரு முகவரி, ஓர் எண் ஆகியவை மட்டுமே. தொல்லியல் களமாயின் திருடர்க்கு வழிகாட்டாதபடி முகவரிக்கு மாறாக முகவரி மறைக்கப்பட்டது என்று அச்சாகும். இவ்வொற்றை வரியைக் கொண்டு கருத்தெழுதுதல் அரிதாகையால், முழுப் படிவத்தையும் தேடிப் பெற்றுப் படித்தவரே பயனுள்ள கருத்தைத் தர முடிகிறது.

கருத்து எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதும் அறியத்தக்கது. கட்டடம் அழகானது, ஊருக்குப் பெருமை என்னும் பாராட்டும், வாகன நிறுத்தத்துக்கு இடம் வேண்டும் என்னும் எதிர்ப்பும் காப்பாளரின் முடிவை அசைப்பதில்லை. நான்கு அளவுகோல்களையும் ஏழு கூறுகளையும் பற்றிய சான்றே எடைபோடப்படும். பட்டியலிடுமுன் எவரும் காப்பாளரிடம் மனுச் செய்து முழு ஆய்வு கோரலாம் என்பதும் மக்களுக்குள்ள வலுவான கருவியாகும்.

1980ஆம் ஆண்டின் திருத்தம் உரிமையாளருக்குத் தனித்த அதிகாரம் தந்தது. தனியார் உரிமையாளர் நோட்டரி சான்றுடன் மறுப்புத் தெரிவித்தால் அவர் சொத்தைப் பட்டியலிட இயலாது. வட்டாரத்தில் பெரும்பான்மையோர் மறுத்தாலும் அவ்வாறே. ஒருவர் எத்தனை மனை வைத்திருந்தாலும் ஒரே குரல்தான். இவ்வாறு தடுக்கப்பட்ட இடத்தைத் தகுதியுடையது என்று மட்டும் காப்பாளர் அறிவிக்கலாம். இத்திருத்தம் வரலாறு பொதுச்சொத்து என்னும் மூலக் கருத்தைத் தளர்த்திவிட்டது. நிலப்பரப்பின் அளவுக்கேற்ப மறுப்பை எடைபோடும் விதி வரைவொன்றைத் தேசியப் பூங்காப் பணியகம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, தொல்குடி மக்களும் பாதுகாப்பு அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தனர். அது நடைமுறைக்கு வரவில்லை.

பயனும் இன்றைய நிலையும்

பட்டியலில் இருப்பதால் மட்டும் தனியார் தம் பணத்தில் தம் கட்டடத்தை இடிப்பது தடுக்கப்படுவதில்லை. அத்தகைய தடை உள்ளூர்ச் சட்டத்தாலேயே விளையும். ஆனால் கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ கலந்த திட்டம் எதுவாயினும், சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, பட்டியலிட்டவற்றின்மீதும் தகுதியுடையவற்றின்மீதும் விளையும் பாதிப்பை முன்கூட்டி ஆராய்ந்தாக வேண்டும். வருவாய் ஈட்டும் பழைய கட்டடத்தை முறைப்படி செப்பனிடுவோர்க்குச் செலவில் 20 விழுக்காட்டு வருமான வரிக் கழிவும் உண்டு. பதிவேட்டில் இன்று 90,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. சிறுபான்மையோர் வரலாறு குறைவாகவே இடம்பெற்றுள்ளமையால் அதற்கெனத் தனி நிதியுதவியும் வழங்கப்படுகிறது.

பென்சில்வேனியா நிலையம் இடிந்தபோது முறையிட இடமின்றி நின்ற மக்களுக்கு இம்முறை ஓர் இடத்தை அமைத்துத் தந்தது. அதுவே இதன் நிலைத்த சாதனை. ஒரு முன்மொழிவைத் தயாரிக்க மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் தேவைப்படுகையில் அதைப் படித்துக் கருத்துக் கூற 15 நாள் போதாது. இக்காலத்தை நீட்டுவதே இம்முறைக்கு முதலில் வேண்டிய திருத்தம்.