1.46 மில்லிமீட்டர்

எங்க சித்தப்பாகிட்ட ஒரு பழைய கேனன் ஏஇ-1 உண்டு. குடும்பத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்தப் பொட்டியில பிடிச்சதுதான். நான் செகண்ட் ஹேண்டில் ஒரு கேனன் டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்கியது தெரிஞ்சதும், அதிலிருந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைக் கழட்டி, மஞ்சள் துணியில் சுத்திக் கையில் கொடுத்துட்டார். "ரெண்டும் கேனன்தானடா, போட்டுக்கோ."

மாட்டவே இல்லை. நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டால் சரியாயிடும்னு, எதையும் படிக்காமல் அவசரப்பட்டு ஒண்ணு வாங்கினேன். இப்ப மாட்டிச்சு. ஆனா கை நீட்டினா எட்டுற தூரத்தைத் தாண்டினா எல்லாமே பனிமூட்டம். தொட்டியில் இருக்கிற செம்பருத்தி பளிச், எதிர்வீடு மசமச. இஞ்சினியரிங் படிச்சவன் செய்யற காரியமா இதுன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன்.

அடுத்த வாரம் ஆபீஸ் நண்பன் ஒரு ஹீலியோஸ் 44-2 கொண்டுவந்தான். சோவியத் காலத்து லென்ஸ். பணியாரக்கல் மாதிரி கனம். ஒரு மெல்லிய வளையத்தைத் திருகி அதே கேனனில் மாட்டினான். நிலா வரைக்கும் ஃபோகஸ் ஆகுது!

சொந்தக் கம்பெனி லென்ஸுக்கு இடமில்லை, இரும்புத்திரைக்கு அந்தப் பக்கத்து லென்ஸுக்கு ராஜமரியாதை. எப்படி? இதைத் தேடப் போய்தான் இந்தப் பதிவு.

விஷயம் ரொம்பச் சின்னது. லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் (இப்போது சென்சாருக்கும்) இடையே உள்ள தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் ஒரு நிலையான அளவு. லென்ஸ் அந்த அளவைவிடத் தள்ளி உட்கார்ந்தால், தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. தள்ளி வைப்பது சுலபம், வளையம் போட்டால் போதும். கிட்டே கொண்டுபோக வழியில்லை. உள்ளே கண்ணாடி வேறு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அளவுகளைப் பாருங்கள். கேனனின் பழைய எஃப்டி 42 மி.மீ. கேனனின் ஈஎஃப், அதாவது என் கேமரா, 44 மி.மீ. ஹீலியோஸின் எம்42 திருகு 45.46 மி.மீ. நிக்கான் எஃப் 46.5 மி.மீ.

சித்தப்பா லென்ஸ் என் கேமராவில் 2 மி.மீ. உள்ளே போயாகணும், போகாது. வளையத்தின் தடிமன் வேற அதோட சேர்ந்துக்குது. ஹீலியோஸுக்கோ 1.46 மி.மீ. இடம் மிச்சம். ஒரு வளையம் நுழைய அது போதும். நிக்கான்காரர்கள் பாவம். எம்42 லென்ஸ் போட்டால் அவர்களுக்கு 1.04 மி.மீ. துண்டு விழும். வளையத்துக்குள் ஒரு கண்ணாடி வைத்து இதைச் சரிக்கட்டுகிற அடாப்டரும் உண்டு. ஆனால் படத்தின் தரம் அதில் அடி வாங்கும்.

சரி, இந்த 45.46 எங்கேர்ந்து வந்தது? கொசுவத்தி சுத்தி 1945க்குப் போவோம்.

அந்த வருடம் பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. கேமராத் தொழிலின் தலைநகரங்களில் ஒன்று அது. லென்ஸுக்குப் பேர்போன ஜெனா நகரத்துக்கு ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது. அந்தப் பகுதியை ரஷ்யர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், கிளம்பும்போது ஸைஸ் நிறுவனத்தின் முக்கிய நிபுணர்களை மேற்கே கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த ரஷ்யர்கள் 1946ல் இயந்திரங்களைக் கழற்றித் தங்கள் நாட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஒரு கம்பெனி, ரெண்டு நாடு, பாகப்பிரிவினை.

மிச்சமிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1949ல் டிரெஸ்டனின் ஸைஸ் ஐகான், கான்டாக்ஸ் எஸ் என்ற கேமராவை வெளியிட்டது. கண் மட்டத்தில் வைத்து நேராகப் பார்க்கும்படி பென்டாபிரிசம் பொருத்திய முன்னோடி எஸ்எல்ஆர்களில் ஒன்று. அதில் லென்ஸ் மாட்டுவதற்கு வைத்ததுதான் 42 மி.மீ. விட்டமும் மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளியும் உள்ள திருகு. அதே ஊரின் பிராக்டிகா கேமராவும் அதையே எடுத்துக்கொண்டது.

திருகு என்பதால் செய்வது எளிது. யார் வேண்டுமானாலும் கடைசல் பிடிக்கலாம். பிடித்தார்கள். ஜப்பானின் அசாஹி 1957ல் இதே திருகோடு பென்டாக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. (பென்டாபிரிசம், கான்டாக்ஸ் ரெண்டையும் ஒட்டின அந்தப் பேரே கிழக்கு ஜெர்மனியிலிருந்து வாங்கினதுதான்!) யாஷிகா, மாமியா, ரிக்கோ, சினான் என்று வரிசை நீண்டது. மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் ஜெனிட் கேமராக்களும் 1960களில் இதற்கு மாறின. அவற்றோடு லட்சக்கணக்கில் வெளியே வந்ததுதான் ஹீலியோஸ் 44-2. அதன் வடிவமைப்புக்கு மூலம் ஜெனாவின் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2. நண்பன் கையில் இருந்தது போரின் சீதனம்னு அப்பத்தான் உறைச்சது.

பென்டாக்ஸ் 1975ல் திருகை விட்டு கே மவுண்டுக்குப் போனபோது ஒரு நல்ல காரியம் செய்தது. 45.46 என்ற அளவை மாற்றவில்லை. பழைய லென்ஸ் வைத்திருந்தவன் ஒரு வளையத்தோடு தப்பித்தான். கேனன் 1987ல் ஈஎஃப் கொண்டுவந்தபோது பழையதைத் தலைமுழுகிவிட்டது. எஃப்டி லென்ஸ்களில் பணம் போட்டவர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் யோசித்தால், அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார், இயந்திரப் பிணைப்பே இல்லாத முழு மின் இணைப்பு, 54 மி.மீ. அகல வாய். பின்னாளில் ஆட்டோஃபோகஸில் கேனன் முன்னே போனதற்கு இதெல்லாம் ஒரு காரணம்.

வேடிக்கை என்னன்னா, பழைய உறவை வெட்டிவிட வைத்த அந்த 44தான், மற்றவர்கள் லென்ஸுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது. 2003ல் 300டி வந்து டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஓரளவு கைக்கு எட்டியபோது, உலகம் முழுக்கப் பரணில் கிடந்த எம்42 லென்ஸ்களுக்கு மறுபிறப்பு. நிக்கான் எஃப் லென்ஸ்கூட 2.5 மி.மீ. மிச்சத்தோடு கேனனில் உட்காரும்.

சும்மா சொல்லக்கூடாது, கஷ்டமும் இருக்கு. அபர்ச்சரை நாமே கையால் திருகணும். திருகினால் வ்யூஃபைண்டர் இருட்டும். ஆட்டோஃபோகஸ் கேமராவின் திரையில் பழைய ஸ்பிளிட் பிரிசம் கிடையாது, ஃபோகஸ் கண்ணுக்குத் தட்டாது. லைவ் வ்யூவில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் நிச்சயம். பழைய சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி, வயசானால் டீ நிறத்துக்குப் பழுக்கும். வெயிலில் சில நாள் காயவைத்தால் தெளியும். வடகம் காயவைக்கிற மாதிரிதான் :-)

சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரலை. போன் பண்ணும்போதெல்லாம் "என் லென்ஸ்ல எடுத்த போட்டோ எங்கடா?"ன்னு கேட்பார். நானும் ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி சித்தப்பான்னு மழுப்பிட்டிருந்தேன்.

இப்போ அதுக்கும் வழி பிறந்தாச்சு. மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணாடி இல்லை, அதனால் அந்தத் தூரமும் சுருங்கிவிட்டது. 2018ல் கேனன் கொண்டுவந்த ஆர்எஃப் மவுண்டின் அளவு வெறும் 20 மி.மீ. எஃப்டி லென்ஸுக்கு 22 மி.மீ. இடம் மிச்சம், நடுவில் ஒரு வெற்றுக் குழாய் போதும். 1987ல் அடைபட்ட கதவை, 31 வருஷம் கழிச்சு அதே கம்பெனியின் இன்னொரு அளவு திறந்துவிட்டது.

போன மாதம் நண்பனின் மிரர்லெஸ்ஸைக் கடன் வாங்கிக்கிட்டு ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவை, அவர் லென்ஸிலேயே எடுத்தேன். பின்னாடி தெருக்கோடி வேப்பமரத்துக்கும் ஃபோகஸ் வெச்சு ஒண்ணு எடுத்தேன், அது எனக்காக. திரையில் காட்டினதும் கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, ரெண்டும் கேனன்தானடா."

ஆமா சித்தப்பான்னு சொல்லிட்டேன். 42, 44 கணக்கெல்லாம் அவர்கிட்ட எதுக்கு?