விற்கப்பட்ட பறவை: கடற்கொள்ளை நகைச்சுவையும் ஹூக்ளிக் கரையும்

குடும்பத்தோடு பார்க்கும் கடற்கொள்ளைப் படங்களில் கொள்ளை போவது பெரும்பாலும் பொருள்தான். ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1883இல் நூலாக வந்த பிறகு தங்கப் பெட்டியும் வரைபடமும் இந்த வகைக் கதையின் இலக்கணமாகிவிட்டன. வங்காள விரிகுடாவில் நடந்த கொள்ளைக்கோ மனிதர்களே முதன்மைச் சரக்கு. சிரிப்பதற்காகச் சொல்லப்படும் கதையில் அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள்? ஆர்ட்மேன் நிறுவனத்துக்காக பீட்டர் லார்ட் இயக்கி 2012இல் வெளிவந்த ‘தி பைரட்ஸ்!’ என்ற பொம்மை அசைவூட்டப் படத்தை வைத்து இதைக் கேட்கலாம். கேட்பதற்கு உரிய இடம் ஹூக்ளிக் கரையிலுள்ள ஹவுரா.

ஹவுராவின் சாந்த்ராகாச்சி சென்னைவாசிகளுக்கு ரயில் நிலையமாகவே பழக்கம். அதற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், சிப்பூரை ஒட்டி, பேதோர் என்ற பழைய சந்தைத்துறை இருந்தது. போர்ச்சுகீசியக் கப்பல்கள் வரும்போது அங்கே வைக்கோல் குடிசைகளால் ஓர் ஊர் எழும்பும். கப்பல்கள் திரும்பும்போது அதைக் கொளுத்திவிடுவார்கள். 1560களில் வந்த வெனிஸ் வணிகர் செசாரே ஃபெடெரிச்சி இதை எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் அரக்கானின் மகர்களும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து இந்த ஆற்றுமுகங்களைச் சூறையாடினர். அவர்களைத் தடுக்க, இன்று தாவரவியல் பூங்கா இருக்கும் பகுதியில் தானா கோட்டை நின்றது. முகலாய வரலாற்றாசிரியர் ஷிஹாபுத்தீன் தாலிஷின் பதிவு படிக்கவே கடினமானது: பிடிபட்டவர்களின் உள்ளங்கையைத் துளைத்துப் பிரம்பு கோத்து, கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி, காலையில் கோழிக்குத் தீனி போடுவதுபோல் பச்சை அரிசியை மேலிருந்து வீசினார்கள். பிறகு தக்காணத் துறைமுகங்களில் ஐரோப்பியரிடம் விற்றார்கள். நம் கரைக்கும் இந்த வணிகத்தில் பங்குண்டு. பழவேற்காட்டிலிருந்தும் ஒல்லாந்தர் அடிமைகளைக் கப்பலேற்றினர். 1666இல் முகலாய ஆளுநர் ஷாயிஸ்தா கானின் படை கொள்ளையரின் தளமான சட்டகாமைக் கைப்பற்றிய பின்னரே இந்தக் கொள்ளையின் முதுகெலும்பு முறிந்தது.

ஆர்ட்மேன் படத்தின் கேப்டன், தன் கப்பலில் கிளி என்று எண்ணி வளர்க்கும் பாலி உண்மையில் ஒரு டோடோ என்று டார்வின் சொல்லி அறிகிறான். பொன்னுக்கும் மன்னிப்புக்கும் ஆசைப்பட்டு அதை விக்டோரியா அரசிக்கு விற்கிறான். அரசியோ அரிய உயிர்களை விருந்தில் உண்பவள். என் வாதம் இதுதான்: சிறைப்பட்டவரை இப்படம் கதையிலிருந்து நீக்கவில்லை, அவர் இடத்தில் ஒரு பறவையை வைத்திருக்கிறது. தாலிஷ் காட்டிய கப்பலில் மனிதர் பறவையைப் போல் நடத்தப்பட்டனர். இங்கே பறவை குடும்பத்தில் ஒருவராக நடத்தப்பட்டு, பிறகு விற்கப்படுகிறது. தங்கப் பெட்டிக் கதைகள் தொடாத குற்றத்தை, ஓர் உயிருக்கு விலை வைப்பதை, இது தொடுகிறது. அதனாலேயே இதை அவற்றைவிட உயர்வாக மதிக்கிறேன்.

குறையும் அங்கேயே இருக்கிறது. கதை நடக்கும் ஆண்டு 1837. அடுத்த ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற கப்பல்கள் ஒப்பந்தக் கூலிகளுடன் பிரிட்டிஷ் கயானாவுக்குப் புறப்பட்டன. டோடோவின் தாயகமான மொரீஷியஸுக்கு 1834இலேயே அட்லஸ் கப்பல் இத்தகைய கூலிகளுடன் போயிருந்தது. அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியில் உயிர்களை விழுங்கியது விருந்து மேசை மட்டுமல்ல. படம் இந்தக் கொடுமையை அரசி என்ற ஒரு தனி மனுஷியின் வெறியாகச் சுருக்கிவிடுகிறது. ஆட்சியும் வணிகமும் தப்பிவிடுகின்றன.

இவ்வளவு கொடுமையைக் குழந்தைகளிடம் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வங்காளத் தாய்மார் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பாட்டில் 1740களின் மராட்டியச் சூறையாடலும், கட்ட முடியாத வரியும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் அஞ்சி ஒடுங்கிவிடவில்லை. பாலியை விற்றது தெரிந்ததும் மாலுமிகள் கேப்டனைத் தனியே விட்டுப் போகும் இடத்தில் படம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது. அதே துணிச்சலோடு பேதோரிலிருந்து புறப்படும் ஒரு படத்தை எடுக்கலாம். அதில் கப்பலின் அடித்தளத்தில் கிடக்கும் சிறுமியே தலைவியாக இருக்கட்டும். கொள்ளையரை ஏய்த்துத் தப்பும் அவளுடைய சூழ்ச்சியிலிருந்து நகைச்சுவை பிறக்கட்டும்.