மணலும் அச்சும் திரையும்

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு ஐயர், ஒரு பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திற்கு வரவழைத்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். ஏழே ஆண்டுகளில் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிந்தது. அச்சு வந்தமையால் ஆசிரியர் தேவையற்றுப் போயினரோ? இல்லை. 1716-இல் அவ்வூரிலேயே திருப்பணியாளரைப் பயிற்றுவிக்கும் பள்ளி தொடங்கிற்று. நூல் பெருகவே, விளக்குவோரின் தேவையும் பெருகிற்று.

நம் காலத்து மாற்றத்தையும் இவ்வொளியில் காண்போம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் கல்லூரிகள் மூடப்பட்டபோது விரிவுரைகள் கைப்பேசித் திரைக்கு மாறின. நூலகம் எட்டாத சிற்றூர் மாணவரும் இன்று கிரேக்க அகராதியை உள்ளங்கையில் காண்கிறார். இதனை இறைவனின் ஈவென்றே கொள்கிறோம். ஆயினும், கருவி வாங்க இயலாதோர் பின்தங்கினர். திரைமுன் அமர்ந்தோரும் சிற்றாலய வழிபாட்டையும், ஒரே பந்தியின் ஐக்கியத்தையும் இழந்தனர். கேட்கத் தயங்கும் மாணவரின் முகம் ஆசிரியருக்குத் தெரியவில்லை.

யோவானின் இரண்டாம் நிருபத்தை வரைந்த மூப்பர், யாவற்றையும் தாளிலும் மையிலும் எழுதிவிட மனமின்றி, நேரில் கண்டு பேச விரும்பினார். எனினும் நிருபத்தை எழுதாமல் விடவில்லை. எழுத்தையும் சந்திப்பையும் பிரிக்காதிருப்பதே இறையியற் கல்விக்கு நாம் காணும் நெறி.