தொட்டியில் வந்த கிராம்பு

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் திருவேங்கடத்து நண்பர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் ஒரு கிராம்புக் கன்று நின்றிருந்தது. காய்ந்து நின்றிருந்தது என்று எழுதுவதே பொருந்தும். சாரல் காலத்தில் குற்றாலத்திற்குப் போனபோது வாங்கி வந்ததாம். இரண்டு ஆண்டுகள் மெல்ல மெல்லத் தளிர் விட்டிருக்கிறது. "தண்ணி ஊத்தாத நாளே இல்லைய்யா. தரையில வச்சிருந்தாப் பொழச்சிருக்குமோ என்னவோ" என்று நண்பரின் தாயார் வருந்தினார்.

தரையில் வைத்திருந்தால் பிழைத்திருக்குமா? ஐயந்தான். திருவேங்கடம் கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தாலோ நீரை விடாமல் பிடித்துக்கொண்டு காலை ஒட்டும். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் தாயான மண் அது. கிராம்புக்கோ நீர் தங்காத, மக்கு நிறைந்த மண் வேண்டும். ஈரக்காற்றும் இளநிழலும் வேண்டும். தொட்டியில் வேர் வெந்தது. தரையில் வைத்திருந்தால் வேர் அறுந்திருக்கும் அல்லது அழுகியிருக்கும். ஆனால் சங்கரன்கோவிலில் பேருந்து மாறிப் போனால் அரை நாள்கூட ஆகாத குற்றாலத்தில் இதே செடி மரமாகிறது. 2019ஆம் ஆண்டு தென்காசி தனி மாவட்டமானபோது இவ்விரு ஊர்களும் சேர்ந்தே அதற்குள் வந்தன. மேற்குத்தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கருகே சற்றுத் தாழ்ந்து வழிவிடுவதால் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிறது, குற்றாலத்தில் சாரலாகிறது. கரிசலுக்கு வந்து சேரும்போது அதில் காற்று மட்டுமே மிஞ்சியிருக்கிறது!

வீடு திரும்பிய பின்னும் அந்தத் தொட்டி எங்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. காரணம், குற்றாலத்துக் கிராம்பின் வரலாறே ஒரு தொட்டியின் வரலாறுதான்.

கிராம்பு நமக்குப் புதிதன்று. இலவங்கம், ஏலம், கருப்பூரம், சாதிக்காய், தக்கோலம் என்று ஐவகை வாசப்பொருள்களை நம் நிகண்டு மரபு எண்ணி வைத்திருக்கிறது. வெற்றிலையிலும் மருந்திலும் பல நூற்றாண்டுகளாக அதை மென்றும் அரைத்தும் வந்திருக்கிறோம். ஆனால் மரத்தைக் கண்டவர் யார்? கிராம்பு என்பது மலராத மொட்டு. பறித்து உலர்த்தினால் அது கறுத்த ஆணியாகிவிடும். அதிலிருந்து ஒரு செடியும் முளைக்காது. மொட்டை மரத்திலேயே விட்டுவைத்து, மலர்ந்து, காயாகிக் கனிந்தால்தான் விதை. அந்த விதையும் பறித்த சில நாட்களுக்குள் மண்ணைக் காணவேண்டும். உலர்ந்தால் உயிர் போய்விடும். ஜாதிக்காயின் கதையும் அதுவே. எனவே கப்பல் கப்பலாகச் சரக்கு வந்தபோதும் மரம் மட்டும் மலுக்குத் தீவுகளை விட்டு நகரவில்லை. டச்சுக்காரர்கள் பிற தீவுகளின் கிராம்பு மரங்களை வெட்டி வீழ்த்தி, அம்பன் தீவைச் சுற்றி மட்டும் பயிரிட வைத்துத் தங்கள் ஏகபோகத்தைக் காத்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. விதையின் இந்த இயல்பு அவர்களுக்கு இன்னொரு காவலாக இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் குளிர்காலத்தின் இறுதியில் பனியைத் துளைத்துக்கொண்டு பூக்கும் சின்னஞ்சிறு வெண்மலர் ஒன்றுண்டு. பனித்துளிப்பூ என்று பெயரிட்டு அழைக்கலாம். அதன் கிழங்கை உலரவிட்டால் முளைப்பது அரிது. ஆதலால் பூத்து முடிந்ததும், இலை பசுமையாக இருக்கும்போதே வேரோடு பெயர்த்து நடுவார்கள். தொட்டியில் வைப்பதா, தோட்டத்தில் வைப்பதா என்ற வழக்கு அவர்களிடையேயும் உண்டு. தொட்டி விரைவில் காயும், விரைவில் சூடேறும். அதில் வைத்த கிழங்கை ஓயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணில் மரநிழலில் வைத்தால் அது தானே பெருகும். பனிநாட்டுக் கிழங்குக்கும் வெப்பநாட்டு விதைக்கும் உறவேதும் இல்லை. ஆனால் இரண்டும் உலர்வுக்கு அஞ்சுபவை. உலர்ந்த நிலையில் பயணம் செய்ய இயலாத உயிர், பச்சையாகத்தான் பயணம் செய்யவேண்டும். கடல் கடக்க வேண்டுமென்றால் மண்ணோடும் நீரோடும் தொட்டியில்தான்.

அது எளிதான காரியமா? கப்பலின் மேல்தளத்தில் உப்புக்காற்று, கீழ்த்தளத்தில் இருட்டு. நல்ல தண்ணீரோ மாலுமிக்கே அளவாகத்தான். சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று ஜான் லிவிங்ஸ்டன் என்பவர் 1819இல் கணக்கிட்டார். 'பவுண்டி' கப்பலின் கலகக் கதையைப் படித்தவர்கள், அதில் தலைவனின் பெரிய அறையையே செடிகளுக்காக ஒழித்துக் கொடுத்ததை நினைவுகூரலாம். தகித்தித் தீவில் ஏற்றிய ஈரப்பலாக் கன்றுகள் ஆயிரத்துப் பதினைந்து. 1789இல் கலகம் செய்தவர்கள் அவற்றைக் கடலில் எறிந்தார்கள்! இரண்டாம் முறை 'பிராவிடன்ஸ்' என்ற கப்பலில் முயன்றபோது, 1793இல் கன்றுகள் மேற்கிந்தியத் தீவுகளைச் சென்றடைந்தன. அவற்றைக் காத்துவந்த இரு தோட்டக்காரர்களில் ஒருவர் கிறிஸ்டபர் ஸ்மித்.

இந்தப் பெயரை நாம் மறக்கலாகாது. பிராவிடன்ஸ் பயணத்திற்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கல்கத்தாத் தோட்டத்திற்கு அழைத்துக்கொண்டது. 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து அம்பன், பண்டா தீவுகளைக் கைப்பற்றினர். உடனே ஸ்மித் அங்கே அனுப்பப்பட்டார். 1802இல் ஏற்பட்ட அமியான் உடன்படிக்கையின்படி தீவுகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. இடைப்பட்ட சில ஆண்டுகளுக்குள் ஆயிரமாயிரம் ஜாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் அவர் பினாங்கு உள்ளிட்ட கம்பெனியின் தோட்டங்களுக்கு ஏற்றி அனுப்பினார். தீவு கையில் இருக்கும்போதே மரத்தைக் கடத்திவிட வேண்டும் என்ற அவசரம் அது. பிரெஞ்சுக்காரரான பியர் புவாவ்ர் 1770இல் களவாகக் கொணர்வித்து மொரீசியசில் நட்டதைக் கம்பெனி படைபலத்தோடு செய்தது. அவ்வளவே வேறுபாடு.

ஏறத்தாழ 1800ஆம் ஆண்டில் குற்றாலத்தில் கம்பெனியின் நறுமணப்பயிர்த் தோட்டத்தில் கிராம்பு நடப்பட்டது. இந்தியாவில் கிராம்புப் பயிரின் தொடக்கம் அதுதான். திரிகூடராசப்பக் கவிராயர் வருணித்த மலையில் கிராம்பு மரம் இருந்திருக்க வழியில்லை. குறவஞ்சிக்குப் பல பத்தாண்டுகள் பின்னால் வந்த விருந்தாளி அது.

அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமையில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது? 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் மீண்டும் கோட்டை எழுப்பிப் போரிட்டார். அதே ஆண்டு ஜூலையில் கர்நாடகப் பகுதியின் ஆட்சியுரிமை நவாபிடமிருந்து கம்பெனிக்கு மாறியது. கரிசல் காட்டில் பீரங்கி முழங்கிய அதே காலத்தில், மலையடிவாரத்தில் யாரோ குழி தோண்டிக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரலாற்றுப் பாடநூல்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை. வைத்திருக்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

யாரோ என்று எழுதினோம். ஸ்மித்தின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. குற்றாலத்தில் அந்தக் கன்றுகளைத் தொட்டியிலிருந்து பெயர்த்து, வேர்மண் சிதறாமல் குழியிலிறக்கி, நிழல் கட்டி, கோடையில் நீர் சுமந்தவர்களின் பெயரை எந்நூலிலும் நாங்கள் கண்டதில்லை. உண்மையில் அந்த வேலைதான் கடினமானது. நட்ட கிராம்பு முதல் மொட்டு விட ஏழெட்டு ஆண்டுகளாகும். ஜாதிக்காயிலோ ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. பாதிக்குப் பாதி ஆணாகிவிட்டால் அத்தனை ஆண்டு உழைப்பில் பாதி வீண். அவ்வளவு காலம் பொறுத்திருந்த கைகள் உள்ளூர்க் கைகளாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

குற்றாலத்தில் கிராம்பு வேரூன்றியதைக் கண்டபின், 1850க்குப் பிறகு அதன் சாகுபடி நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூருக்கும் மேற்குமலைச் சரிவுகளுக்கும் பரவியது. இன்று தமிழகத்தில் கிராம்பு என்றால் குமரி மாவட்டத்து மாறாமலையும் கரும்பாறையும் வெள்ளிமலையுந்தான். 2021இல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகளுக்குச் சிறப்புச் செய்தவர்கள் தாய்வீட்டையும் ஒருமுறை நினைத்திருக்கலாம்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1829இல் நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் செடி தானே ஈரத்தைச் சுழற்றி உயிர்வாழ்வதைக் கண்டார். 1833இல் அத்தகைய கண்ணாடிப் பெட்டிகளில் அனுப்பிய செடிகள் சிட்னிக்குப் பசுமை மாறாமல் போய்ச் சேர்ந்தன. அதன்பின் தேயிலையும் சிங்கோனாவும் கடல் கடந்தது இப்பெட்டிகளில்தான். குற்றாலத்துக் கிராம்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது கண்ணாடிப் பெட்டிக்கு முந்திய காலத்தது. காற்றையும் உப்பையும் தாங்கி வந்து பிழைத்த சிலவற்றின் வழித்தோன்றல்கள்தாம் இன்று நாம் காணும் மரங்கள்.

இதையெல்லாம் திருவேங்கடத்து அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கப்பல்ல வந்ததுக்கே தரை வேண்டியிருந்திருக்கு" என்றார். காய்ந்த கன்றைப் பிடுங்கிவிட்டாராம். தொட்டியில் இப்போது பிரண்டை.