அச்சமும் பிழையும்

தியான சாதனையில் இறங்குவோரை முதலில் எதிர்கொள்ளும் இடையூறு அச்சம். இதனைப் புத்தர் பெருமானும் அறிந்திருந்தார் என்பதற்குப் பாளி மொழியிலுள்ள மச்சிம நிகாயம் சான்று. 152 சூத்திரங்கள் கொண்ட அந்நூல் அடங்கிய திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் ஏட்டிலேறியது என்பது மரபு.

அதன் 4ஆவது சூத்திரம் பயபேரவம். ஞானம் பெறுமுன் சித்தார்த்தர், அட்டமி முதலிய இரவுகளில், மயிர்க்கூச்செறியும் வனக் கோட்டங்களிலே தனித்துத் தங்கினார். மான் அணுகினும், மயில் சுள்ளியை ஒடிப்பினும், காற்றிற் சருகு அசையினும் அச்சம் எழும். உலாவும்போது எழுந்தால், அது அடங்கும்வரை உலாவினார். அமர்ந்திருக்கையில் எழுந்தால், அடங்கும்வரை அமர்ந்தே இருந்தார்.

36ஆவது சூத்திரமாகிய மகாசச்சகம் அவர் கண்ட பிழையைக் கூறுவது. மூச்சடக்கியும் உணவைச் சுருக்கியும் உடலை வாட்டியவர், அவ்வழியில் ஞானம் கிட்டாமை கண்டார். முன்னொரு நாள் நாவல் மர நிழலிற் கூடிய தியான இன்பம் நினைவில் எழுந்தது. புலன்வழிப்படாத அவ்வின்பத்துக்குத் தாம் அஞ்சுவதேன் எனத் தம்மையே வினவினார். ஆகவே, பிழையின் வேரிலும் ஓர் அச்சமே இருந்தது. அவர் சோறுண்டு உடல் தேறினார். உடனிருந்த துறவியர் ஐவரும், நெறி வழுவினாரென வெறுத்து நீங்கினர்.

இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் வேண்டும். அச்சம் வந்தபோது அவர் இருந்த நிலையை மாற்றவில்லை. பிழை தெரிந்தபோது நடந்த வழியை மாற்றத் தயங்கவில்லை. எது அச்சம், எது பிழை எனப் பிரித்தறிவதே சாதகர்க்கு இன்றும் உள்ள கடமை.