மிகைமூச்சு

உடலின் தேவையை மீறி வேகமாகவோ ஆழமாகவோ மூச்சு விடும் நிலை. அச்சமும் பதற்றமும் இதற்கு முதன்மைக் காரணங்கள்.

மூச்சின் கதியை இயல்பாகத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரியமில வாயுவே, ஆக்சிஜன் அன்று; உடலியலாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் இதை விளக்கினர். தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் இயல்பான அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம். பதற்றத்தில் அவ்வாயு அளவுக்கு மேல் வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. அயனிக் கால்சியம் குறைந்து உதடும் விரல்நுனிகளும் மரத்துப்போகின்றன. கைவிரல்கள் மடங்கி இறுகுவதும் உண்டு. காற்று போதிய அளவு உள்ளே போயும் "மூச்சு முட்டுது" என்பார் நோயாளி. அந்தத் தவிப்பு பொய்யன்று. அது பயத்தைக் கூட்ட, பயம் மூச்சை மேலும் விரட்டுகிறது.

பாலக்கோடு போன்ற வேளாண் வட்டாரங்களில் பாம்புக்கடியின்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். தக்காளித் தோட்டத்திலோ கரும்புக் கொல்லையிலோ கடிபட்டவருக்கு, கடித்தது நஞ்சில்லாப் பாம்பானாலும், திகிலிலேயே கைகால் மரத்துத் தலை சுற்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பாம்புக்கடி வழிகாட்டியும் இதைக் குறிப்பிடுகிறது. நஞ்சா, பயமா என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. கடிபட்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய முறை ஆக்சிஜனைக் குறைத்துவிடும். மாரடைப்போ ஆஸ்துமாவோ இருந்தால் ஆபத்து. அருகில் அமர்ந்து, மெல்ல நீட்டி மூச்சை வெளிவிடச் செய்வதே நல்லது. திருமந்திரத்தின் மூச்சுப் பயிற்சிக் கணக்கிலும் உள்ளிழுக்க 16 மாத்திரை நேரம், வெளிவிட 32.