வியன்னா பேற்றுமனையும் செப்சிஸ் அறிகுறிகளை அறிதலும் (1840–1865)

முன்னுரை

நோய்த்தொற்றை எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினை முறைபிறழ்ந்து, உறுப்புகளின் இயக்கத்தைச் சிதைத்து, உயிருக்கே ஊறு விளைவிக்கும் நிலையைச் செப்சிஸ் என 2016ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வரையறை சுட்டுகிறது. ஈன்ற தாயரைத் தாக்கிய பேறுகாலக் காய்ச்சல் அதன் பழைய வடிவங்களுள் ஒன்று. தாசோஸ் தீவில் பெண் மகவை ஈன்ற ஒருத்தி 14ஆம் நாள் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டு, 20ஆம் நாள் இறந்த செய்தி ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்தொகுப்பிலேயே உள்ளது. அறிகுறிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தும் இடர் எங்கிருந்து வருகிறது என்பது அறியப்படாமல் இருந்ததன் காரணத்தை வியன்னா பொது மருத்துவமனையின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு பிரிவுகளும் இறப்புப் பதிவுகளும்

அம்மருத்துவமனையின் பேற்றுமனை இரு பிரிவுகளாக இயங்கியது. 1840 முதல் முதற்பிரிவு மருத்துவ மாணவர்க்கும் இரண்டாம் பிரிவு மருத்துவச்சி மாணவியர்க்கும் பயிற்சிக்களமாயிற்று. எப்பிரிவில் சேர்வது என்பதைப் பெண்கள் முடிவு செய்யவில்லை. சேர்க்கைக்குரிய நாளே முடிவு செய்தது. 1841 முதல் 1846 வரை முதற்பிரிவில் நிகழ்ந்த 20,042 பேறுகளில் 1,989 தாயர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 17,791 பேறுகளில் 691 தாயர் இறந்தனர். ஏறத்தாழ மும்மடங்கான இவ்வேறுபாட்டைக் காற்றின் நச்சு, பருவநிலை முதலிய அன்றைய கொள்கைகளால் விளக்க இயலவில்லை. ஒரே கூரையின்கீழ் இயங்கிய இரு பிரிவுகளுக்கும் காற்றும் பருவமும் பொதுவானவை.

பெண்கள் அறிந்ததும் மறைத்ததும்

இவ்வேறுபாட்டை நகரத்துப் பெண்கள் நன்கு அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்கப்பட்டோர் மண்டியிட்டுத் தம்மை விடுவிக்குமாறு மன்றாடியதை 1846இல் அங்கு உதவி மருத்துவராகப் பொறுப்பேற்ற இக்னாஸ் செம்மெல்வைஸ் பதிவு செய்துள்ளார். மருத்துவமனைக்கு வரும் வழியில், தெருவில் ஈன்றவர்களிடையே இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. நாடி மிக விரைந்து, வயிறு உப்பி, நா வறண்டு இறக்கும் தறுவாயில் இருந்த பெண்களும் தமக்கு நோயில்லை என்றே சாதித்தனர் என்பது அவர் தரும் மற்றொரு செய்தி. மருத்துவம் தொடங்கினால் இறப்பு நெருங்கிவிட்டது என்பதே அவர்கள் கண்டறிந்த உண்மை. ஆகவே அறிகுறி உடலில் வெளிப்பட்டபோதும் சொல்லில் மறைக்கப்பட்டது. நோயாளியின் நம்பிக்கையை இழந்த இடத்தில் அறிகுறியும் மருத்துவரை எட்டுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

கொலெட்ஷ்காவின் இறப்பு

1847 மார்ச்சில் செம்மெல்வைஸின் நண்பரும் சட்ட மருத்துவப் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ஷ்கா, பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அப்புண்வழித் தொற்றால் இறந்தார். அவருடைய உடற்கூறாய்வில் காணப்பட்ட அழற்சிகள் இறந்த தாயரிடம் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. பிணக்கூறாய்வு முடித்த கைகளோடு மாணவர்கள் தாயரைச் சோதித்ததும், மருத்துவச்சி மாணவியர்க்கு அவ்வாய்வுப் பணி இல்லாததும் அப்போது பொருள் பெற்றன. அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியில் குளோரின் கரைசலால் கை கழுவுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஏப்ரலில் 18.3 விழுக்காடாக இருந்த முதற்பிரிவு இறப்பு ஜூனில் 2.2 விழுக்காடாயிற்று, 1848இல் ஆண்டுச் சராசரி 1.27 விழுக்காடு.

ஏற்பும் மறுப்பும்

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன், நோயுற்ற பெண்களையும் அவர்களுக்குப் பேறு பார்த்தவர்களையும் அட்டவணைப்படுத்தி, மருத்துவரும் மருத்துவச்சியருமே நோயைக் கொண்டு செல்கின்றனர் என 1795இல் எழுதினார். தாமும் அதற்கு ஒரு கருவியானதை ஒப்புக்கொண்டார். 1843இல் அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸும் இதனை வலியுறுத்தினார். ஆயினும் குணப்படுத்தும் கையே கொல்லும் கை என்னும் முடிவைப் பேறுகால மருத்துவர் பலர் ஏற்க மறுத்தனர். செம்மெல்வைஸ் தம் முடிவுகளை விரிவான நூலாக வெளியிடப் பல்லாண்டுகள் தாழ்த்ததும், நூலில் எதிர்ப்பாளரைக் கடுமையாகச் சாடியதும் அம்மறுப்புக்கு வலுவூட்டின. அவர் 1865 ஆகஸ்டில் வியன்னா மனநலக் காப்பகத்தில் புண்வழித் தொற்றாலேயே இறந்தார். பேறுகாலக் காய்ச்சலுற்றோரிடம் சங்கிலி வடிவ நுண்ணுயிரிகள் இருப்பதை 1879இல் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார்.

முடிவுரை

மிகுந்த மூச்சு வீதம், குழம்பிய நினைவு, தாழ்ந்த குருதியழுத்தம் ஆகிய மூன்றையும் படுக்கையருகே விரைந்து நோக்குமாறு 2016ஆம் ஆண்டின் அறிக்கை பரிந்துரைத்தது. இத்தகைய பட்டியல்கள் தேவையானவை. எனினும் வியன்னாவில் குறைவுபட்டது அறிகுறிப் பட்டியலன்று. நாடியின் விரைவை மருத்துவர்கள் எண்ணினர். இறப்புகளை மருத்துவமனை பதிந்தது. இடர் எங்குள்ளது என்பதைப் பெண்கள் சொல்லினர். இம்மூன்றையும் இணைத்து நோக்கவும், அந்நோக்கில் தம்மையும் இடரின் ஒரு பகுதியாகக் காணவும் மருத்துவத்துறை முன்வராத காலம் வரை இறப்புகள் தொடர்ந்தன. செப்சிஸை அறிதல் என்பது நோயாளியின் உடலை நோக்குவதோடு முடிவதில்லை. நோயாளியின் சொல்லுக்குச் செவிகொடுப்பதும், மருத்துவர் தம் கையைத் தாமே ஐயுறுவதும் அதனுள் அடங்கும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.